1000 யார் இலக்குத் துவக்கு: கட்டுவதா, வாங்குவதா, காசை எதில் போடுவது?

அடிலெயிட்டில் வேலை செய்கிற களுவாஞ்சிக்குடித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அங்கே ஒரு ரைபிள் கழகத்தில் சேர்ந்திருக்கிறாராம், 1000 யார் போட்டிக்கு ஒரு துவக்கு வேண்டுமாம். அதை உறுப்பு உறுப்பாக வாங்கிச் சேர்ப்பதா, கடையில் முழுதாக வாங்குவதா, எந்தக் கலிபர் (குழல், தோட்டா அளவு) நல்லது, ஊருக்கு வரும்போது கொண்டுவந்து சுடலாமா, இடது கைக்காரருக்கு ஏதும் தனியாக இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்கிறார். கேள்வி பல மாதிரித் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசை எந்த உறுப்பில் போட்டால் இலக்கில் புள்ளி கூடும், எதில் போட்டால் பார்க்க அழகாக மட்டும் இருக்கும். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். வாழைச்சேனை கடதாசி ஆலையில் லேத் பழகியவன். பிறகு அவுஸ்திரேலியா போய், துவக்குத் திருத்தும் பட்டறை ஒன்றில் பல வருடம் குழல் பொருத்துகிற வேலை பார்த்தேன், சனி ஞாயிறில் நானும் பாயைப் போட்டுப் படுத்துச் சுட்டேன். இப்போது கல்லடியில் இருக்கிறேன். எந்தப் படையிலும் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவன் துவக்கைப் பற்றி இவ்வளவு பேசினால் கேட்பவர் மனதில் முதலில் எழும் சந்தேகம் அது என்பதால் சொல்லி வைக்கிறேன். என் கை பழகியது ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுத்து மூடுகிற போல்ட் அக்‌ஷன், .308, கடதாசி இலக்கு, இவ்வளவுதான். வேட்டை பற்றியும் இரண்டு மைல் தூரம் சுடுகிற புதுப் போட்டிகள் பற்றியும் என் பேச்சை நம்பிக் காசைப் போடாதீர்கள்.

ஊருக்குக் கொண்டுவரும் கதையை முதலில் முடித்துவிடுவோம், அதற்கு ஒரே சொல்லில் பதில் இருக்கிறது: வேண்டாம். இலங்கையில் துவக்கு விசயம் இன்னும் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ்தான் நடக்கிறது, அனுமதிகள் பாதுகாப்பு அமைச்சு வழியாகப் போகின்றன. படுவான்கரையிலும் அம்பாறைப் பக்கமும் பயிர்க் காவலுக்கு விவசாயிகள் வைத்திருக்கும் சொட்கன்கூட வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது. தொலைதூர ரைபிள் அந்தக் கணக்கிலேயே வராது. காற்றுத் துவக்கானாலும் சரி, கையில் எழுத்து மூலம் அனுமதி இல்லாமல் பயணப் பெட்டியில் வைக்காதீர்கள், தனி உறுப்பு ஒன்றைக்கூட வைக்காதீர்கள். இங்கே பட்டறையில் செய்து பார்க்கலாம் என்று சொல்லும் மச்சான் யாரும் இருந்தால் அவரை அந்தப் பக்கம் அனுப்பிவிடுங்கள், அது நேரே மறியலுக்குப் போகிற வழி. இலங்கையில் இலக்குச் சுடுதல் இல்லை என்று அர்த்தம் இல்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் மங்கள சமரகோன் 50 மீட்டர் ரைபிளில் சுட்டார், டோக்கியோவில் தெஹானி எகொடவெல 10 மீட்டர் காற்று ரைபிளில் சுட்டார். ஆனால் அந்த வழி சங்கத்துக்குள்ளால் போகிற வழி, தனி ஆள் துவக்குக் கொண்டு வருகிற வழி இல்லை.

சரி, இனி அடிலெயிட். ஒரு கணக்கை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக விளங்கும். ஒரு பாகையை 60 ஆகப் பிரித்தால் வருவது ஒரு கோண நிமிடம், கழகத்தில் மினிட் என்பார்கள். 100 மீட்டரில் அது 29 மில்லிமீட்டர் அகலம். 1000 யாரில், அதாவது 914 மீட்டரில், 26 சென்டிமீட்டரைத் தாண்டும். எஃப் கிளாஸ் (கீழே சொல்கிற ஒரு போட்டிப் பிரிவு) இலக்கில் மேல் புள்ளி வளையம் ஏறக்குறைய ஒரு மினிட், அதற்குள் இருக்கிற நடு வளையம் அதில் பாதி. இப்போது .308 வின்செஸ்டரில் 155 கிரெயின் எடையுள்ள சன்னம் ஒன்றை எடுங்கள். குழலை விட்டு வினாடிக்கு 2900 அடிக்குக் கொஞ்சம் கூடுதலான வேகத்தில் போகும், 1000 யாரை அடைய ஒன்றரை வினாடி எடுக்கும், அதற்குள் குழல் காட்டிய நேர்கோட்டிலிருந்து 10 மீட்டர் அளவுக்கு விழும். விழுவது பிரச்சினையே இல்லை, புவியீர்ப்பு நேற்றும் இன்றும் ஒன்றுதான், துவக்கின் மேலுள்ள ஸ்கோப்பின், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியின், திருகியைத் திருப்பிவிட்டால் முடிந்தது. காற்றுத்தான் பிரச்சினை. பக்கவாட்டில் மணிக்கு ஒரு மைல் காற்று இருந்தாலே அந்தச் சன்னம் 20 சென்டிமீட்டருக்கு மேல் ஒதுங்கும். அதாவது 6 மைல் காற்றை 5 என்று வாசித்தால் ஏறக்குறைய ஒரு மினிட் போய்விட்டது. நீங்கள் ஆயிரம் ஆயிரமாகச் செலவழித்து ஒரு மினிட் துவக்கை அரை மினிட் ஆக்கினீர்கள் என்று வையுங்கள், உங்களுக்குக் கிடைத்த லாபம் காற்றில் அரை மைல் பிழை விட்டால் காலி. நல்ல துவக்கு தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. நல்லது எந்த அளவுக்குப் போதும், அதற்கு மேல் போட்ட காசு எங்கே போகும் என்பதைக் காட்டத்தான் இந்தக் கணக்கு.

அடுத்தது, எந்தப் பிரிவில் சுடப் போகிறீர்கள் என்று எழுதவில்லை, அதைத் தீர்மானிக்காமல் துவக்கைத் தீர்மானிக்க முடியாது. டார்கெட் ரைபிள் என்ற பழைய பிரிவில் ஸ்கோப் கிடையாது, சிறு துளை உள்ள துளைக்காட்டி வழியாகப் பார்த்து, கையில் வார் சுற்றி, முழங்கையை ஊன்றிச் சுட வேண்டும். 1876இல் அமெரிக்காவில் கிரீட்மோரில் தொடங்கிய பால்மா போட்டி இன்றும் 800, 900, 1000 யாரில் அந்த முறையில்தான் நடக்கிறது. 2018 கோல்ட் கோஸ்ட் பொதுநலவாய விளையாட்டில் பெல்மொன்ட் மைதானத்தில் நடந்த குயின்ஸ் பிரைஸ் போட்டியும் அதுதான். எஃப் கிளாஸ் என்பது ஸ்கோப் வைத்து, முன்னால் தாங்கி, பின்னால் மணல் பை வைத்துச் சுடுவது. ஜோர்ஜ் ஃபார்க்கர்சன் என்ற கனடாக்காரர் கொண்டுவந்தது, பெயரில் உள்ள எஃப் அவருடையது. வாரும் துளைக்காட்டியும் வயதுக்கு ஒத்துவராமல் போனவர்களுக்கென்று தொடங்கி இப்போது இளையவர்களும் அதில்தான் கூட்டம். அதற்குள் எஃப் டீஆர் என்றால் .223 அல்லது .308 மட்டும், ஸ்கோப்பும் இருகாலியும் சேர்த்து எடை 8.25 கிலோவுக்குள். எஃப் ஓப்பன் என்றால் 8 மில்லிமீட்டர் வரை எந்தக் கலிபரும், எடை 10 கிலோவுக்குள். அவுஸ்திரேலியாவில் இவை தவிர எஃப் ஸ்டாண்டர்ட் என்று ஒரு பிரிவும் உண்டு, அதிலும் .223, .308 இரண்டும்தான், புதியவருக்கு மிகப் பொருத்தமானது, செலவும் அடங்கும். எடை வரம்பை மறந்துவிட்டு ஆசைக்குக் கனத்த குழல் போட்டு, பிறகு தராசில் வைத்தபோது எடையைக் குறைக்கத் துவக்கின் மரக்கட்டையைக் குடைய ஓடி வந்தவர்களைப் பட்டறையில் பார்த்திருக்கிறேன்.

கலிபரில் நான் யோசிக்காமல் சொல்வேன், முதல் துவக்கு .308. கடைக்காரர்கள் 6.5 கிரீட்மோர் என்பார்கள், கழகத்தில் இரண்டு பேர் .284 என்பார்கள், அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. 6.5இல் 140 கிரெயின் சன்னம் மெலிந்து நீண்டது, காற்றை நன்றாகக் கிழிக்கும், .308 ஒதுங்குகிற தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து முக்கால் பங்கு வரைதான் ஒதுங்கும், தோளில் இடியும் குறைவு. ஆனால் ஒன்று, நீங்கள் அதை எஃப் ஓப்பனில்தான் சுடலாம், அங்கே எதிரில் படுத்திருப்பவர் பத்து வருடம் காற்று வாசித்தவர். இரண்டு, குழலின் ஆயுள். ஒவ்வொரு வெடிக்கும் தோட்டா அறைக்கு முன்னால் உள்ள குழலின் தொண்டைப் பகுதியை நெருப்பு கொஞ்சம் தின்னும். .308 குழல் ஒன்று 5000 வெடியை ஒட்டிப் போகும், 6.5 கிரீட்மோர் அதில் பாதியில் களைத்துவிடும். சுடுகிறவரும் துப்புரவும் மாற மாற இந்த எண் முன்னே பின்னே போகும், ஆனால் எது முதலில் தேயும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. படிக்கிற காலத்தில்தான் நிறையச் சுட வேண்டியிருக்கும், அந்தக் காலத்துக்கு நீடிக்கும் குழல்தான் தோது. மூன்றாவது, .308 காற்றில் அதிகம் ஒதுங்குவதே உங்களுக்கு வாத்தியார். கையில் காசு இன்னும் இறுக்கம் என்றால் .223இல் 80 கிரெயின் சன்னம் போட்டு 600 யார் வரை ஆட்களைத் திகைக்க வைக்கலாம், தோட்டாச் செலவும் குறைவு, 1000இல்தான் அது மூச்சு வாங்கும்.

கட்டுவதா வாங்குவதா என்பதற்கு வருகிறேன். முதல் வருடம் இரண்டும் வேண்டாம். கழகத்தில் இரவல் துவக்கு இருக்கும், அதைச் சுடுங்கள். பிறகு பழையதை வாங்குங்கள். நீங்கள் இருக்கிற அடிலெயிட்டிலேயே ஒரு காலத்தில் ஒமார்க் 44 என்று ஒற்றைத் தோட்டா இலக்கு ரைபிள் செய்தார்கள், இன்றும் கழகக்காரர் பலர் வீட்டுப் பெட்டகத்தில் அது சும்மா கிடக்கிறது. வயதானவர் ஒருவர் விளையாட்டை விடும்போது துவக்கு, துளைக்காட்டி, பாய், துப்புரவுக் கம்பி எல்லாம் சேர்த்துக் கொடுப்பார், கூடவே ஓசியில் புத்திமதியும் கிடைக்கும். புதிது வேண்டுமென்றால் டிக்கா டீ3எக்ஸ், ஹோவா 1500 மாதிரித் தொழிற்சாலைத் துவக்குகள் இன்று நல்ல தோட்டாவுடன் ஒரு மினிட்டுக்குள் சுடும், முப்பது வருடத்துக்கு முன்னர் அதற்குத் தனியாக ஆள் வைத்துச் செய்ய வேண்டும். எதை வாங்கினாலும் அங்கே உரிமம், கழக உறுப்புரிமை, வாங்கும் அனுமதி எல்லாம் ஒழுங்காக வேண்டும். 1996இல் வந்த ஒப்பந்தப்படி 28 நாள் காத்திருப்பு உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபடுகிறது, கழகச் செயலாளரைக் கேட்டால் போதும், அவருக்கு அது தண்ணீர்பட்ட பாடு.

உறுப்பு உறுப்பாகக் கட்டும் நாள் எப்போது வரும் என்றால், முதல் துவக்கின் குழல் தேய்ந்து அடுத்தது போட வேண்டிய நாள். அன்றைக்குக் காசில் பெரும்பங்கு குழலுக்கும் அதைப் பொருத்துகிற கைக்கும் போகட்டும். நான் அதிகம் பேசக் கூடியது இதில்தான், ஏனென்றால் என் வயிறு நிறைந்தது இதில்தான். வெளியிலிருந்து பார்த்தால் குழல் ஒரு நேரான உருளை. உண்மையில் அவ்வளவு நீளத்துக்குத் துளை போடும்போது துளைப்பான் கொஞ்சமாவது ஓரம் போகாமல் இருக்காது. அதனால் உள்துளையின் நடுவும் வெளி உருளையின் நடுவும் இரண்டு முனையிலும் ஒன்றாக வராது. சோம்பேறிப் பட்டறை லேத்தில் வெளிப்புறத்தைப் பிடித்துச் சுழற்றித் தோட்டா அறையைக் குடைந்துவிடும். அறை அப்போது துளைக்குச் சற்றுச் சரிந்து நிற்கும், சன்னம் குழலின் உட்சுவரில் திருகு மாதிரி ஓடும் சுருள்வரிக்குள் நுழையும்போதே ஒரு பக்கம் உரசிக்கொண்டு நுழையும். நல்ல பட்டறை, துளைக்குள்ளே டயல் கேஜின் ஊசியை விட்டு, உள்துளை ஆடாமல் சுழலும் வரை லேத்தின் பிடியிலுள்ள நாலு திருகுகளையும் தட்டித் தட்டித் திருத்தும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றுக்குள் ஊசி நிற்க வேண்டும், அதற்கே அரை நாள் போகலாம். பட்டறைக்காரரிடம் இதை மட்டும் கேளுங்கள்: துளைக்கு மையம் பிடிக்கிறீர்களா, வெளிப்புறத்துக்கா? பதில் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தால் போதும்.

தோட்டா அறையின் ஆழம் இன்னொன்று. .308 அறைக்கு, போல்ட் மூட வேண்டிய ‘போகலாம்’ அளவுகோல் 1.630 அங்குலம், மூடக் கூடாத ‘போகக் கூடாது’ அளவுகோல் 1.634. இடையில் இருப்பது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று. அது கூடிப் போனால் தோட்டாவின் பித்தளைக் கோது இழுபட்டுக் கிழியும், சுடுகிறவர் முகத்துக்குப் பக்கத்தில். வீட்டு லேத்தில் செய்து பார்க்கும் வேலை இல்லை இது, அங்கே உரிமம் உள்ள பட்டறைதான் செய்யலாம் என்று சட்டம் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. குழலின் முனை விளிம்பும் அப்படித்தான், சன்னம் கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற இடம் அது, அங்கே ஒரு பக்கம் சிறு கீறல் இருந்தால் பின்னால் வரும் வாயு அந்தப் பக்கம் முதலில் பீறிட்டுச் சன்னத்தைத் தள்ளிவிடும்.

சுருள்வரியின் முறுக்கு சன்னத்தின் நீளத்தைப் பொறுத்தது, நீண்ட சன்னத்துக்கு இறுக்கமான முறுக்கு. .308இல் 155 கிரெயினுக்கு 12 அல்லது 13 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 6.5இல் 8 அங்குலத்துக்கு ஒன்று. முதலில் சன்னத்தைத் தீர்மானித்துவிட்டுக் குழலை வாங்குங்கள், மாறிச் செய்தால் சரிவராது. நீளம் .308க்கு 30 அங்குலம் வரை போடுவார்கள். 1000 யாரை அடையும்போது சன்னம் ஒலியின் வேகத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்பதற்காக, அந்த எல்லையைக் கடக்கும் இடத்தில் சன்னம் தள்ளாடும். குழலின் பருமனுக்குக் கணக்கு இருக்கிறது, விறைப்பு விட்டத்தின் நாலாம் அடுக்கில் கூடும், விட்டம் 10 வீதம் கூடினாலே விறைப்பு 46 வீதம் கூடும். அதனால் எடை வரம்பு விடுகிற அளவுக்குப் பருமனான குழல். கிரீகர், பார்ட்லைன், நியூசிலாந்தின் ட்ரூஃபிளைட் எல்லாம் நல்ல குழல்கள்தான். வெட்டிய சுருள்வரியா அழுத்திய சுருள்வரியா எது மேல் என்று கேட்டால், இரண்டு வகையாலும் கோப்பை வென்றிருக்கிறார்கள், அந்தச் சண்டையில் தலையைக் கொடுக்காதீர்கள்.

அக்‌ஷனில், அதாவது போல்ட்டும் அது ஓடுகிற உடலும் சேர்ந்த பகுதியில், அவ்வளவு விசயம் இல்லை. நியூசிலாந்து பார்னார்ட், பழைய ரெமிங்டன் 700 திருத்தியது, எதுவானாலும் போல்ட்டின் பற்கள் இரண்டு பக்கமும் சமமாக உட்கார வேண்டும், விரலால் இழுக்கும் விசை ஒவ்வொரு தடவையும் ஒரே எடையில் விழ வேண்டும். நல்ல அக்‌ஷன் உங்கள் ஆயுளுக்கும் போதும், குழல்தான் மாறும். அக்‌ஷன் கட்டையில் உட்காரும் இடத்தை எபொக்சி ஊற்றி அச்சுப் போல் படிய வைக்க வேண்டும், குழலோ கட்டையை எங்கேயும் தொடக் கூடாது, ஒரு கடதாசித் தாள் தடையில்லாமல் அடியில் ஓட வேண்டும். இந்த இரண்டும் செய்யாத விலையுயர்ந்த துவக்கை, இரண்டும் செய்த மலிவுத் துவக்கு தோற்கடிக்கும். கட்டை மரமா கார்பனா அலுமினியமா என்பது ரசனை. கன்னம் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் படுகிறதா என்பதுதான் கேள்வி, அதற்குக் கன்னப் பலகையும் பின்னாலுள்ள தோள் தட்டும் நகர்த்தக் கூடியதாக இருந்தால் போதும்.

ஸ்கோப்பில் பெருக்கத்தைப் பார்த்து மயங்குகிறார்கள். 50 மடங்கு வாங்கிவிட்டு, வெயில் ஏறியதும் கானலில் இலக்கே தெரியாமல் 25க்கு இறக்கி வைத்திருப்பார்கள். நான் பார்ப்பது வேறு. திருகியை ஒரு சுற்று ஏற்றி மறுபடி இறக்கினால் அதே இடத்துக்கு வருகிறதா? கண்ணைக் கொஞ்சம் அசைத்தால் குறி இலக்கில் நகராமல் இருக்க இடமாறு தோற்றத்தைச் சரிசெய்யும் திருகு இருக்கிறதா? 100 யாரில் குறி சரிசெய்து பூச்சியம் வைத்த .308க்கு 1000இல் 30 மினிட்டுக்கு மேல் ஏற்ற வேண்டியிருக்கும், எல்லா ஸ்கோப்பிலும் அவ்வளவு இடம் இராது, அதற்குத்தான் ஸ்கோப்பின் அடியில் 20 மினிட் சாய்ந்த தண்டவாளம் போடுவது. ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்களை முறுக்கு அளவிடும் சாவியால் இறுக்குங்கள், கைக்கணக்கு வேண்டாம்.

தோட்டா. ஒரு கட்டத்தில் நீங்களே கோது நிரப்பத்தான் வேண்டும். காரணம் எளிது, குழலை விட்டுப் போகும் வேகத்தில் வினாடிக்கு 50 அடி வித்தியாசம் இருந்தால் 1000 யாரில் மேலே கீழே ஓர் அடி வித்தியாசம். 100 யாரில் அது தெரியவே தெரியாது, அதனால்தான் 100இல் ஒரே துளையில் போட்ட துவக்கு 1000இல் ஏணி போல் மேலும் கீழும் போடுகிறது. அவுஸ்திரேலியாவில் முல்வாலாவில் செய்கிற ஏஆர் 2208 வெடிமருந்து வெப்பத்துக்கு அதிகம் குணம் மாறாதது, அமெரிக்காவில் அதையே வார்கெட் என்று விற்கிறார்கள், .308க்கு அவுஸ்திரேலியாவில் பலர் கைநீட்டுவது அதற்குத்தான். எவ்வளவு போடுவது என்று நான் எழுத மாட்டேன். மருந்துக்காரரின் கையேட்டில் உள்ள மிகக் குறைந்த அளவிலிருந்து தொடங்கி, கழகத்தில் பழகிய ஒருவர் பக்கத்தில் நிற்கச் செய்யுங்கள். ஒன்று மட்டும், அடிலெயிட்டில் கோடையில் 40 பாகை தாண்டும், சூடேறிய குழலுக்குள் தோட்டாவைத் தள்ளிவிட்டுக் காற்றுக்காகக் காத்துக் கிடந்தால் அது உள்ளே வேகும், அடுத்த வெடி மேலே போகும். காற்றைத் தீர்மானித்த பிறகு தோட்டாவைப் போடுங்கள்.

இதுவரை சொன்னதில் எனக்குத் தடுமாற்றம் இல்லை. இனிச் சொல்வதில் உண்டு. புதுக் குழலை ஒரு வெடி, ஒரு துப்புரவு என்று சடங்கு மாதிரிப் பழக்க வேண்டும் என்பார்கள். அறை குடைந்த இடத்தில் இருக்கும் பிசிறு முதல் சில வெடிகளில் போகும், அது வரை சரி, அதற்கு மேல் செய்வது குழல் ஆயுளைக் கழிப்பதுதான் என்று நினைக்கிறேன், அடித்துச் சொல்ல மாட்டேன். குழலை உறைநிலைக்கு மிகக் கீழே குளிரவைத்து எடுப்பது ஏற்கெனவே இறுக்கம் தளர்த்திய நல்ல குழலில் ஏதாவது செய்கிறது என்பதற்கு நான் எதையும் காணவில்லை. குழலின் அதிர்வை மாற்றக் குழல் முனையில் மாட்டும் டியூனர் .22இல் வேலை செய்கிறது என்று நம்பத் தகுந்தவர்கள் பலர் சொல்கிறார்கள், பெரிய தோட்டாவில் இன்னும் சண்டைதான். கோதில் சன்னத்தை அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு முன்னே பின்னே வைத்துப் பார்த்து இதுதான் இனிய இடம் என்று படம் போடுபவர்களில் பெரும்பாலானோர் மூன்று வெடியை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். ஒரே துவக்கு, ஒரே தோட்டா, ஐந்தைந்தாகச் சுட்டாலே ஒரு துளைக் கூட்டம் மற்றதைவிட இரண்டு மடங்கு பெரிதாக வரும், ஒன்றும் மாறாமலே. பத்து, இருபது சுட்டுப் பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள், நான் சொல்வதையும் சேர்த்து.

காற்றுக்கு வருவோம். அங்கே லோவர் லைட் மைதானம் வெட்டவெளி, கொடிகள் நட்டிருப்பார்கள். கொடி தரைக்குப் பக்கத்துக் காற்றைக் காட்டும், சன்னமோ நடுவழியில் பார்வைக் கோட்டுக்கு மூன்று மீட்டருக்கு மேலே போகிறது, அங்கே காற்று வேறு வேகம். தொலைநோக்கியை இலக்குக்குக் கொஞ்சம் முன்னால் குவித்துக் கானலைப் பாருங்கள். நேரே மேலே கொதித்தால் பக்கக் காற்று இல்லை, அல்லது காற்று முகத்துக்கு நேரே வருகிறது, அந்த நேரம் சுடாதீர்கள், அடுத்த கணம் அது எந்தப் பக்கமும் சாயும். சாய்ந்து ஓடினால் வேகத்தை மதிக்கலாம். படுத்த கோடாக ஓடினால் காற்று பலம், அதற்கு மேல் கானலைப் பார்த்துப் பயனில்லை, கொடிக்குத் திரும்புங்கள். இதைப் பழகத் துவக்கே தேவையில்லை. ஊருக்கு வரும் ஆடி, ஆவணியில் கச்சான் அடிக்கும்போது ஒரு தொலைநோக்கியோடு மத்தியானம் வயல் வரம்பில் உட்காருங்கள், அம்பாறைப் பக்கம் அறுத்த வயலுக்கு மேல் கானல் ஓடுகிற மாதிரி நான் வேறெங்கும் பார்த்ததில்லை. என்ன செய்கிறாய் என்று கேட்பவர்களுக்குப் பறவை பார்க்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். இன்னொன்று, நம் ஊர் ஈரக் காற்று கனமானது, சன்னத்தைத் தடுக்கும் என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மை எதிர்மாறு, நீராவி காற்றைவிட இலேசு, ஆனால் வித்தியாசம் கணக்கில் எடுக்காத அளவு. பூமி சுழல்வதால் வரும் ஒதுக்கமும் அப்படித்தான், அடிலெயிட்டில் 1000 யாருக்கு இடப்பக்கம் 6 சென்டிமீட்டர் வரும், மட்டக்களப்பு மத்திய கோட்டுக்கு இவ்வளவு கிட்ட இருப்பதால் இங்கே வலப்பக்கம் ஒன்றரை சென்டிமீட்டர்கூட வராது. கேட்கச் சுவையாக இருக்கும், போட்டிக்கு முன் குறி சரிபார்க்கச் சுடும் இரண்டு வெடியில் அது தானாகச் சரியாகிவிடும்.

இடது கை பற்றிக் கேட்டதற்கு: வார் கட்டிச் சுடும் டார்கெட் ரைபிளில் இறங்குவதென்றால் இடது கைக் கட்டை கட்டாயம் வேண்டும், வலது கைக் கட்டையில் கன்னம் படாது. எஃப் கிளாஸில் துவக்கைத் தாங்கி தாங்குகிறது, கட்டை இரண்டு பக்கமும் ஒரே வடிவமாக இருந்தால் வலது கை போல்ட்டையே வலது கையால் இழுத்து இடது தோளில் வைத்துச் சுடலாம், சிலருக்கு அது வேகமும்கூட. இடது கை அக்‌ஷன் புதிதாகக் கிடைக்கும், ஆனால் விற்கும் நாளில் வாங்க ஆள் தேட வேண்டியிருக்கும், பழையது தேடினாலும் அதே சிரமம். அதனால் கழகத்தில் இருக்கும் வலது கைத் துவக்கில் ஒரு பருவம் சுட்டுப் பாருங்கள். கை பழகிவிட்டால் பழைய ஒமார்க் ஒன்றைத் தேடுங்கள், வாங்கும் முன் எத்தனை வெடி போயிருக்கிறது என்று கேட்டு, கழகத்தில் யாரிடமாவது குழலுக்குள் பார்க்கும் கமரா இருந்தால் தொண்டையைக் காட்டச் சொல்லுங்கள்.